அபாயச் சமிக்ஞை கோபத்தை அடக்கும் கருவியா?

2012-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி காலையில் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் நடந்த சம்பவம் இந்நகரத்து வாசகர்களில் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். அபுதாபியிலிருந்து கொச்சிக்குப் போக வேண்டிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், கொச்சியில் வானிலை சரியில்லாமல் ஓடுபாதை தெளிவாகத் தெரியாததால், இங்கே திருப்பிவிடப்பட்டது. தரையிறங்கிய விமானத்திலேயே பிரயாணிகள் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு, விமானியின் பணி நேரம் முடிந்துவிட்டது, மேற்கொண்டு ஓட்ட முடியாது, எல்லோரும் இங்கேயே இறங்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. பிரயாணிகள் மறுத்தார்கள். கொச்சிக்குத்தான் டிக்கெட் வாங்கியிருக்கிறோம், கொச்சிக்கே கொண்டு போய் விடுங்கள் என்றார்கள். வாய்ச் சண்டை முற்றியது. பிரயாணிகள் தம் அறைக்குள் நுழையப் பார்க்கிறார்கள் என்று கருதிய விமானி, விமானம் கடத்தப்படுகிறது என்ற எச்சரிக்கையை அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு எல்லாம் விதிப்படி நடந்தது. ஆயுதம் தாங்கிய பாதுகாப்புப் படையினர் விமானத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். பிரயாணிகளில் ஆறு பேர் தனியாக விசாரிக்கப்பட்டார்கள். கடத்தல்காரன் யாரும் அகப்படவில்லை. அகப்பட்டவர்கள் எல்லாம் வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த சாதாரண ஜனங்கள். கடைசியில் விமானம் கொச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. கட்சி வேறுபாடின்றிக் கேரளத்தில் கண்டனம் எழுந்தது. விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. பத்திரிகைகளும் சில நாள் எழுதிவிட்டு வேறு செய்திக்குப் போய்விட்டன.

விமானத்தைக் கடத்துகிறவன், டிக்கெட்டில் இல்லாத ஊருக்கு அதைக் கொண்டு போகச் சொல்வான். இவர்கள் டிக்கெட்டில் இருந்த ஊருக்கே கொண்டு போகச் சொன்னார்கள். இந்த வித்தியாசம் விமானத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் விமானி அனுப்பும் சமிக்ஞைக்குத் தெரியாது. அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. அதைக் கேட்கிறவர்களுக்கு, மேற்கொண்டு அர்த்தம் விசாரிக்க அனுமதியும் இல்லை.

இந்தப் பழைய விஷயத்தை இப்போது எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2012-ல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் மத்திய சர்க்காருக்குச் சொந்தமாக இருந்தது. 2022 ஜனவரியில் அது டாட்டா கைக்குப் போயிற்று. இங்குள்ள விமான நிலையமும் 2021 அக்டோபர் முதல் அதானி நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. விமானக் கடத்தல் சட்டமும் முன்பைவிடக் கடுமையாகிவிட்டது. இவ்வளவும் மாறிய பிறகும், தாமதத்தால் கொதித்துப்போன பிரயாணிகளும், அலுத்துக் களைத்த விமானியும், பூட்டிய விமானமும் மறுபடி ஒன்றுசேர இடமிருக்கிறது. மழைக்காலம் வந்தால் கொச்சி விமானம் திருவனந்தபுரத்துக்கு வரும். திருவனந்தபுரம் விமானம் வேறெங்கோ போகும். அதைத் தடுக்க யாராலும் முடியாது. அப்போது மேல்நாட்டு யுத்தக் கருவியைப் போன்ற ஒரு சமிக்ஞை சொந்த ஜனங்கள் மேல் பாயாமல் பார்த்துக்கொள்ள முடியும்.

நான்கு எண்களில் ஓர் அலறல்

முதலில் இந்தச் சமிக்ஞை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோம். ஒவ்வொரு பிரயாணி விமானத்திலும் டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி உண்டு. தரையிலுள்ள ரேடார், ‘நீ யார்?’ என்று ஓர் அலையை அனுப்பும். இந்தக் கருவி உடனே நான்கு இலக்க எண் ஒன்றைப் பதிலாக அனுப்பும். கட்டுப்பாட்டு நிலையத்தில் உட்கார்ந்திருப்பவரின் திரையில், விமானத்தைக் காட்டும் புள்ளிக்குப் பக்கத்தில் அந்த விவரம் தெரியும். இரண்டாவது உலக யுத்தத்தில், வருகிற விமானம் நம்முடையதா எதிரியுடையதா என்று கண்டுபிடிக்கச் செய்த ஏற்பாட்டிலிருந்து வளர்ந்தது இது.

இந்த எண்ணில் 0 முதல் 7 வரையுள்ள இலக்கங்கள் மட்டுமே வரும். 8-ம் 9-ம் கிடையாது. ஆகவே மொத்தம் 4,096 எண்கள். சாதாரணமாக விமானம் புறப்படும்போது கட்டுப்பாட்டு நிலையம் ஓர் எண்ணைக் கொடுக்கும். விமானி அதை வைத்துக்கொள்வார். மூன்று எண்கள் மட்டும் உலகம் முழுவதற்கும் பொதுவானவை. 7700 என்றால் பொதுவான ஆபத்து. 7600 என்றால் ரேடியோ பழுது. 7500 என்றால் விமானத்தைச் சட்டவிரோதமாக யாரோ கைப்பற்றியிருக்கிறார்கள்.

இந்தக் கடைசி எண்ணின் சிறப்பு, அது சத்தம் போடாது என்பதுதான். விமானியின் கழுத்தில் கத்தி இருக்கும்போது அவர் ரேடியோவில் பேச முடியாது. கையை நகர்த்தி நான்கு இலக்கத்தை மாற்றினால் போதும். தரையில் இருப்பவர் ஒரே ஒரு முறை, ‘நீங்கள் 7500 வைத்திருப்பது சரிதானா?’ என்று கேட்பார். ஆமாம் என்று பதில் வந்தாலும் சரி, பதிலே வராவிட்டாலும் சரி, அதற்கு மேல் கேள்வி கேட்கக் கூடாது. ஏனென்றால் பக்கத்தில் நிற்கிற கடத்தல்காரன் கேட்டுக்கொண்டிருக்கலாம். கேள்வி அதிகமானால் விமானியின் உயிருக்கு ஆபத்து.

அதற்குப் பிறகு இயந்திரம் தானாக ஓடத் தொடங்கும். விமானம் தரையில் இருந்தாலும், வந்து இறங்கினாலும், மற்ற விமானங்களிலிருந்து விலக்கித் தனியிடத்தில் நிறுத்தப்படும். விமான நிலையக் கமிட்டி கூடும். டில்லிக்குத் தகவல் போகும். தேசியப் பாதுகாப்புப் படை எச்சரிக்கப்படும். 2005-ல் மத்திய சர்க்கார் வகுத்த கொள்கைப்படி, கடத்தப்பட்ட விமானத்தை முக்கியமான இடத்தின் மேல் மோத வருகிறார்கள் என்று உறுதியானால், அதைச் சுட்டு வீழ்த்தவும் இடமுண்டு. நான்கு இலக்கங்களின் கனம் அவ்வளவு.

ரகசியமாகச் சொல்ல முடிவது இந்தச் சமிக்ஞையின் பலம். திரும்பக் கேட்க முடியாமல் போவது இதன் பலவீனம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்க முடியாது.

பொய் சொல்லாமலே பொய்யாகும் மணி

‘புலி வருகிறது’ கதை நமக்கெல்லாம் தெரியும். அதில் பையன் வேண்டுமென்றே பொய் சொன்னான். விமானக் கடத்தல் எச்சரிக்கைகளில் பெரும் குழப்பம் விளைவித்த சிலவற்றைப் பார்த்தால், விமானத்தில் இருந்த ஒருவரும் பொய் சொல்லவில்லை. அதனால்தான் விஷயம் சிக்கலாகிறது.

கை தவறலாம். பழைய கருவிகளில் எண்ணைக் குமிழ் திருகி மாற்ற வேண்டும். 2700 என்ற எண்ணிலிருந்து 7200-க்குப் போக வேண்டிய விமானி முதல் இலக்கத்தை முதலில் மாற்றினால், நடுவில் 7700 என்று ஒரு கணம் காட்டும். தரையில் அபாய மணி அடித்துவிடும். ஆகவே முதலில் 2200, பிறகு 7200 என்று மாற்ற வேண்டும் என விமானிகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார்கள். 2019 நவம்பர் 6-ந் தேதி ஹாலந்து நாட்டு ஸ்கிபோல் விமான நிலையத்தில், மாட்ரிட் நகருக்குப் புறப்படவிருந்த ஏர் யூரோப்பா விமானத்தில் விமானி தவறுதலாகக் கடத்தல் எச்சரிக்கையை இயக்கிவிட்டார். ராணுவப் போலீசார் விரைந்தார்கள்; நிலையத்தின் ஒரு பகுதியை அடைத்தார்கள். பிறகு விமான நிறுவனம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது.

வார்த்தை தவறலாம். 2001 செப்டம்பர் 11-ந் தேதி, அமெரிக்காவில் இரட்டைக் கோபுரங்கள் இடிந்த அதே நாளில், சியோலிலிருந்து வந்துகொண்டிருந்த கொரியன் ஏர் 85-ம் எண் விமானத்திலிருந்து தரைக்குப் போன ஒரு செய்தியில், கடத்தலைக் குறிக்கும் மூன்று எழுத்துக்கள் இருந்தன. அதைக் கண்டு மிரண்டவர்கள், விமானம் அலாஸ்காவை நெருங்கும்போது கேள்வி எழுப்பினார்கள். கேள்வியும் பதிலும் ஒன்றையொன்று தவறாகப் புரிந்துகொண்டதில், விமானிகள் 7500 என்ற எண்ணையே வைத்துவிட்டார்கள். போர் விமானங்கள் பக்கத்தில் பறந்தன. தேவையானால் சுட்டு வீழ்த்தலாம் என்று கனடா நாட்டுப் பிரதமர் ஜான் கிரெட்டியன் அனுமதி கொடுத்திருந்தார். நல்லவேளையாக வைட்ஹார்ஸ் என்ற ஊரில் விமானம் பத்திரமாக இறங்கியது. உள்ளே கடத்தல்காரன் யாரும் இல்லை.

வெளியாள் ஒருவன் தூண்டிவிடலாம். அதே ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி இரவு மும்பையிலிருந்து டில்லிக்குப் பறந்த அலையன்ஸ் ஏர் விமானம் கடத்தப்பட்டுவிட்டதாக ஓர் அநாமதேயத் தொலைபேசித் தகவல் வந்தது. தகவல் விமானிக்குச் சொல்லப்பட்டது. கடத்தல்காரர்கள் பிரயாணிகளுக்கிடையே இருக்கிறார்கள் என்று விமானிகள் நினைத்தார்கள். விமானியின் அறைக்குள் இருக்கிறார்கள் என்று பிரயாணிகள் நினைத்தார்கள். டில்லியில் விமானத்தைக் கமாண்டோக்கள் சூழ்ந்து, பல மணி நேரம் கழித்து உள்ளே நுழைந்து பார்த்தபோதுதான் ஒருவரும் இல்லை என்று தெரிந்தது. நடுவில் இருந்தது ஒரு கதவு. அதன் இரு பக்கமும் பயம்.

நான்காவது வகை, திருவனந்தபுரத்தில் நடந்தது. இங்கே கை தவறவில்லை, வார்த்தை தவறவில்லை, வெளியாளும் இல்லை. கோபம் இருந்தது, அதைக் கண்ட பயம் இருந்தது. கோபத்துக்கென்று தனிச் சமிக்ஞை இல்லாததால், கடத்தலுக்குரிய சமிக்ஞை பயன்பட்டது.

விமானியைத் தண்டித்தால் தீருமா?

உடனே எழுகிற யோசனை, பொய் எச்சரிக்கை கொடுத்த விமானியைத் தண்டிக்க வேண்டும் என்பது. 2012-ல் அப்படிப் பலர் சொன்னார்கள். அவசரப்படக் கூடாது. எச்சரிக்கை தவறாக ஒலிப்பது ஓர் ஆபத்து என்றால், ஒலிக்க வேண்டிய நேரத்தில் ஒலிக்காமல் போவது அதைவிடப் பெரிய ஆபத்து.

2001 செப்டம்பர் 11-ல் கடத்தப்பட்ட நான்கு விமானங்களில் ஒன்றிலிருந்துகூட 7500 என்ற எண் வரவில்லை. எண்ணை மாற்றுவதற்குள் விமானிகள் தாக்கப்பட்டார்கள். 1986 செப்டம்பர் 5-ந் தேதி கராச்சியில் நின்ற பான் ஆம் விமானத்துக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்தபோது, பணிப்பெண்கள் விமானிகளுக்குத் தகவல் கொடுத்தார்கள். விமானிகள் மேற்புறத் திறப்பு வழியாகத் தப்பியதால் விமானம் தரையிலேயே நின்றுவிட்டது. நீர்ஜா பனோட் என்ற இளம் பெண் பிரயாணிகளைக் காக்கப் போய்த் தம் உயிரைக் கொடுத்ததும் அந்தச் சம்பவத்தில்தான். உரிய நேரத்தில் கிடைத்த ஒரு சைகை, விமானம் வேறு தேசத்துக்குப் போகாமல் தடுத்தது.

சமிக்ஞை வந்தும் செயல்படத் தயங்கினால் என்னவாகும் என்பதற்கு 1999 டிசம்பர் 24 சாட்சி. காத்மாண்டுவிலிருந்து டில்லிக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டு அமிருதசரஸில் இறங்கியது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் நம் மண்ணிலேயே நின்றது. தீர்மானம் எடுப்பதற்குள் பெட்ரோல்கூட நிரப்பாமல் கிளம்பிப் போய்விட்டது. லாகூர், துபாய், காந்தஹார் என்று அலைந்து, ஒரு பிரயாணி கொல்லப்பட்டு, டிசம்பர் 31-ல் மூன்று பயங்கரவாதிகளை விட்டுக்கொடுத்து மீட்க வேண்டியதாயிற்று.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கடத்தல்காரன் கையில் இருப்பது நிஜ ஆயுதமா என்று விமானிக்குத் தெரியாது. 1971 ஜனவரி 30-ல் ஸ்ரீநகரிலிருந்து புறப்பட்ட ‘கங்கா’ என்ற விமானத்தை லாகூருக்குக் கடத்தியவர்கள் கையில் இருந்தது விளையாட்டுத் துப்பாக்கி. அதை நம்பி விமானம் போயிற்று, அங்கே எரிக்கப்பட்டது, இந்திய வான் வழியே பாகிஸ்தான் விமானங்கள் பறப்பது தடை செய்யப்பட்டது. 1993 மார்ச்சில் டில்லியிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விமானத்தைக் கடத்தி அமிருதசரஸில் இறக்கியவனிடம் இருந்ததும் நிஜமான வெடிகுண்டு அல்ல. பின்னால் சோதித்துப் பார்த்துப் போலி என்று சொல்வது எளிது. ஆகாயத்தில் இருப்பவர் நிஜம் என்றே கொள்ள வேண்டும்.

ஆகவே, நல்ல எண்ணத்தோடு சமிக்ஞை கொடுத்த விமானியைத் தண்டிப்பது என்று ஆரம்பித்தால், அடுத்த விமானி ஒரு நிமிஷம் யோசிப்பார். அந்த ஒரு நிமிஷத்தில் நூற்றைம்பது உயிர் போகலாம்.

2012-ல் அந்த விமானி ஓட்ட மறுத்ததும் தவறு என்று சொல்ல முடியாது. விமானிகளின் பணி நேரத்துக்குச் சட்டப்படி வரம்பு உண்டு. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2010 மே 22-ல், துபாயிலிருந்து வந்த இதே நிறுவனத்தின் விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 பேர் மாண்டார்கள். வழியில் நெடுநேரம் தூங்கிவிட்ட தலைமை விமானி தூக்கக் கலக்கம் தெளியாமலே விமானத்தை இறக்கியதை விசாரணை மன்றம் சுட்டிக்காட்டியது. களைத்த விமானியை ‘இன்னும் அரை மணி நேரம்தானே, ஓட்டு’ என்று வற்புறுத்துகிற பிரயாணி, தன் உயிரோடு விளையாடுகிறான்.

பிரயாணி பக்கத்து நியாயம்

அப்படியானால் பிரயாணிகள் செய்தது தவறா? இதிலும் ஒரு தரப்பு நியாயம் இருக்கிறது.

வளைகுடாவிலிருந்து வருகிறவர் யார்? பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, ஒரு மாத லீவில் வருகிற தொழிலாளி. இதில் மலையாளி, தமிழன் என்ற பேதமில்லை. கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிழைக்கப் போன எத்தனையோ பேருக்குத் திருவனந்தபுரம்தான் விமான நிலையம். அவர்களுடைய லீவில் ஒரு நாள் என்பது சம்பளத்தில் கணக்கிட முடியாத பொருள். அவர்களுக்காக வீட்டார் வாடகைக் கார் பிடித்து வந்து விமான நிலைய வாசலில் காத்திருப்பார்கள். கொச்சியில் காத்திருக்கும் குடும்பத்துக்குத் திருவனந்தபுரம் இருநூறு கிலோமீட்டர் தூரம். பெட்டிகளோடும் குழந்தைகளோடும் இறங்கி, எப்படிப் போவது, யார் அழைத்துப் போவார்கள், பெட்டி எங்கே வரும் என்று எதுவும் தெளிவாகத் தெரியாமல் ‘இறங்கு’ என்றால் யார் இறங்குவார்கள்? விமானத்தை விட்டு இறங்கிவிட்டால் அப்புறம் நம்மைக் கேட்பாரில்லை என்ற அனுபவ பயம் அவர்களுக்கு உண்டு.

நம் ஜனங்கள் தாமதத்தையே பொறுக்காதவர்கள் என்று சொல்வது சரியல்ல. இதே திருவனந்தபுரத்தில் ஆண்டுக்கு இரு முறை, பங்குனி உற்சவத்துக்கும் ஐப்பசி உற்சவத்துக்கும், ஸ்ரீ பத்மநாபசுவாமி ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. பல மணி நேரம் விமானங்கள் நிற்கின்றன. எந்தப் பிரயாணியாவது சண்டைக்கு வந்ததுண்டா? இல்லை. ஏனென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். நேரத்தை மாற்றித் தருகிறார்கள். காரணம் இன்னது, இத்தனை மணிக்குத் தீரும் என்று தெரிந்தால் நம்மவர்கள் காத்திருப்பார்கள். காரணமும் முடிவும் தெரியாத காத்திருப்புத்தான் மனிதனை வெறி கொள்ளச் செய்கிறது.

ஆனாலும் விமானியின் அறைக் கதவை நெருங்குவதை எந்தக் காரணம் கொண்டும் நியாயப்படுத்த முடியாது. அந்தக் கதவின் அந்தப் பக்கம் இருப்பவர், 2001-க்குப் பிறகு, அதை நெருங்கும் எவனையும் சந்தேகிக்கும்படி பயிற்சி பெற்றவர். 2024 ஜனவரியில் டில்லியில் தாமத அறிவிப்பைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு விமானியைப் பிரயாணி ஒருவர் அடித்ததை நாடே பார்த்தது. விமானிகளின் பயத்தை வெறும் கற்பனை என்று தள்ள முடியாது.

சட்டம் கடுமையானபோது

இப்போது சட்டத்தைப் பார்ப்போம். 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிரயாணிகள் ஏறிக் கதவுகள் மூடியதிலிருந்து, இறங்குவதற்காகக் கதவு திறக்கும் வரை உள்ள நேரம்தான் கணக்கு. 2016-ஆம் ஆண்டுப் புதிய சட்டம் 2017 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதன்படி, விமானத்தைப் பயணத்துக்குத் தயார் செய்யத் தொடங்கியதிலிருந்து, இறங்கி 24 மணி நேரம் ஆகும் வரை அது பாதுகாப்புக்கு உட்பட்டது. பலாத்காரம் மட்டுமல்ல, மிரட்டலும் குற்றம். ஆயுள் தண்டனை உண்டு. உயிர் போயிருந்தால் மரண தண்டனையும் உண்டு.

காந்தஹாரையும் அமெரிக்காவையும் பார்த்த பிறகு சட்டம் கடுமையாவது இயற்கை. ஆனால் அதே சட்டத்தின் கண்ணில், நின்றுகொண்டிருக்கும் விமானத்தில் ‘கொச்சிக்குக் கொண்டு போகாவிட்டால் விட மாட்டோம்’ என்று கத்துகிறவன் யார்? கெட்டிக்கார வக்கீல் ஒருவர் அதையும் மிரட்டல் என்று வாதிக்க இடமிருக்கிறது.

இது வீண் பயம் அல்ல. 2017 அக்டோபர் 30-ந் தேதி மும்பையிலிருந்து டில்லிக்குப் போன ஜெட் ஏர்வேஸ் விமானத்தின் கழிவறையில் ஒரு மிரட்டல் சீட்டு கிடைத்தது. விமானம் ஆமதாபாத்தில் இறக்கப்பட்டது. பிரயாணிகளில் ஒருவரான வியாபாரி கைது செய்யப்பட்டார். 2019-ல் விசேஷ நீதிமன்றம் புதிய சட்டப்படி அவருக்கு ஆயுள் தண்டனையும் ஐந்து கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. 2023 ஆகஸ்டில் குஜராத் உயர் நீதிமன்றம், குற்றம் சந்தேகமற நிரூபிக்கப்படவில்லை என்று அவரை விடுதலை செய்தது. எச்சரிக்கை ஒலித்தது ஒரு நாள். அது தவறான ஆள் மேல் விழுந்ததா என்று தீர்மானிக்க ஏறக்குறைய ஆறு ஆண்டுகள்.

ரயிலில் உள்ள படிகள்

ரயில்வேயில் அபாயச் சங்கிலி என்று ஒன்று இருக்கிறது. அதை ஒரு குழந்தைகூட இழுக்கலாம். இழுத்தால் வண்டி நிற்கும். கார்டு எந்தப் பெட்டி என்று பார்த்து வருவார். ‘யார் இழுத்தது, எதற்கு?’ என்று கேட்பார். குழந்தை தவறி விழுந்தது என்றால் உதவி செய்வார். மச்சான் டீ குடிக்கப் போனான் என்றால் ரயில்வே போலீஸிடம் ஒப்படைப்பார். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 141-ஆவது பிரிவு, தகுந்த காரணமின்றி இழுத்தால் ஓர் ஆண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. ‘தகுந்த காரணமின்றி’ என்ற சொற்கள்தான் அதில் உயிர். காரணம் இருந்தவரைச் சட்டம் தொடாது.

ரயிலில் சங்கிலிக்கு முன்னும் பல படிகள் இருக்கின்றன. டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லலாம். அடுத்த ஸ்டேஷனில் மாஸ்டரிடம் புகார் செய்யலாம். ரயில்வே போலீஸைக் கூப்பிடலாம். பிளாட்பாரத்தில் நூறு பேர் கூடி வண்டி ஏன் புறப்படவில்லை என்று கூச்சல் போடுவதை ஸ்டேஷன் மாஸ்டர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். அதற்காக ஒருவரும் ராணுவத்தை அழைப்பதில்லை. வெளியே வந்து நின்று பேசுவார்கள். பாதிக் கோபம் அங்கேயே போய்விடும்.

விமானத்திலும் இப்படிப் படிகள் வேண்டும். ஓரளவு வந்தும் இருக்கிறது. 2017 செப்டம்பரில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் அலுவலகம் வெளியிட்ட விதிகள், அத்துமீறும் பிரயாணிகளை மூன்று தரமாகப் பிரிக்கின்றன. வாய் வார்த்தையால் தொல்லை செய்வது முதல் தரம். மூன்று மாதம் வரை பறக்கத் தடை. கை வைப்பது இரண்டாம் தரம். ஆறு மாதம் வரை. உயிருக்கு ஆபத்து விளைவிப்பதும் விமானியின் அறைக்குள் நுழைய முயல்வதும் மூன்றாம் தரம். இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத தடை. 2012-ல் இல்லாத இந்த ஏணி இப்போது இருக்கிறது. கோபக்காரனுக்கும் கடத்தல்காரனுக்கும் நடுவில் சட்டம் ஒரு கோடு கிழித்துவிட்டது. அந்தக் கோட்டைச் சமிக்ஞையிலும் கடைப்பிடிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, தரையில் நிற்கும் விமானத்தில் பிரயாணிகள் தகராறு செய்தால், விமானி ரேடியோவில் வாய் திறந்து, ‘பிரயாணிகள் தகராறு, பாதுகாப்புப் படை வேண்டும்’ என்று கேட்க முடியும். மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை விமான நிலையத்திலேயே இருக்கிறது. பேச முடிகிற விமானிக்கு, பேச முடியாதவருக்காக ஏற்பட்ட சமிக்ஞை எதற்கு? இந்த வித்தியாசத்தைப் பயிற்சியிலேயே அழுத்திச் சொல்ல வேண்டும்.

இரண்டாவதாக, வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்ட விமானத்தின் வாசலுக்கு, அந்த நிறுவனத்தின் பொறுப்புள்ள உத்தியோகஸ்தர் ஒருவர் குறிப்பிட்ட நேரத்துக்குள் வந்து நின்று பேச வேண்டும் என்று விதி செய்ய வேண்டும். ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் மட்டும் சொன்னால் போதாது. மலையாளத்திலும் தமிழிலும் சொல்ல ஆள் வேண்டும். விமானி ஏன் ஓட்டக் கூடாது, அடுத்த விமானி எப்போது வருவார், இறங்கினால் எந்த பஸ், பெட்டி எங்கே என்ற நான்கு கேள்விக்குப் பதில் தெரிந்தால் முக்கால்வாசிப் பேர் இறங்கிவிடுவார்கள். தாமதமானால் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும் என்ற விதி 2010-லிருந்தே இருக்கிறது. விளக்கமும் அதுபோன்ற கட்டாயமாக வேண்டும்.

மூன்றாவதாக, நல்லெண்ணத்தோடு எச்சரிக்கை கொடுத்த விமானிக்குத் தண்டனை கூடாது. ஆனால் ஒவ்வொரு பொய் எச்சரிக்கைக்கும் விசாரணை நடந்து, அதன் முடிவு ஜனங்கள் படிக்கும்படி வெளியாக வேண்டும். விபத்து நடந்தால் அறிக்கை வருகிறது. நூற்றுக்கணக்கானவர்களைத் துப்பாக்கி முனையில் நிறுத்திய தவறுக்கும் அறிக்கை வர வேண்டாமா?

நான்காவதாக, அப்படிப்பட்ட நாளில் விசாரிக்கப்படும் பிரயாணிகளின் விஷயம் அன்றைக்கே தீர வேண்டும். ஆயுதமும் சதியும் இல்லை என்று தெரிந்த பிறகு, கடத்தல் சட்டத்தின் நிழல்கூட அவர்கள் மேல் படியக் கூடாது. வெளிநாட்டில் வேலை செய்கிறவனுடைய பாஸ்போர்ட்டில் ஒரு சந்தேகக் குறி விழுந்தால், அந்தக் குடும்பத்தின் பிழைப்பே போய்விடும்.

பிரயாணிகளுக்கும் ஒரு வார்த்தை. கோபம் எவ்வளவு இருந்தாலும் இருக்கையில் இருந்தபடியே கேளுங்கள். விமானியின் அறைப் பக்கம் போகாதீர்கள். ‘வெடிகுண்டு’, ‘கடத்தல்’ என்ற சொற்களை வேடிக்கைக்குக்கூட விமானத்தில் உச்சரிக்காதீர்கள். எழுத்தில் பதில் கேளுங்கள். இறங்கிய பிறகு புகார் செய்யுங்கள். இரவெல்லாம் விழித்திருந்த விமானியும் உங்களைப் போல வீட்டுக்குப் போகக் காத்திருக்கும் மனிதர்தான்.

அடுத்த மழைக்காலத்தில் கொச்சிக்குப் போகும் விமானம் ஏதேனும் மறுபடி இங்கே வந்து இறங்கத்தான் போகிறது. அதற்குள் விமானப் போக்குவரத்து இலாகாவும் விமான நிறுவனங்களும் மேலே சொன்ன ஏற்பாடுகளைச் செய்து முடிக்க வேண்டும். விமானத்தின் படிக்கட்டில் துப்பாக்கி ஏந்தியவர் வந்து நிற்பதற்கு முன், பதில் சொல்லத் தெரிந்தவர் ஒருவர் வந்து நிற்கட்டும்.